நுரைக்குள் இருக்கும் கணக்கு



பிழைப்பின் நிமித்தம் சொந்த ஊரைவிட்டுப் பெருநகரங்களில் குடியேறிய நம்முடைய குடும்பங்களில் மாதக் கடைசியில் தவறாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு. வாங்கிய சம்பளம் எங்கே போயிற்று? வாடகை, மின்கட்டணம், பிள்ளைகளின் பள்ளிக்கட்டணம், ஊரில் இருக்கும் பெற்றோருக்கு அனுப்பும் பணம் ஆகிய பெரிய செலவுகள் நமக்குத் தெரிந்தேதான் போகின்றன. அவற்றை எழுதி வைக்கிறோம், முன்கூட்டியே ஒதுக்கியும் வைக்கிறோம். ஆனால் முப்பது, ஐம்பது, தொண்ணூறு என்று கடைத்தெருவில் சிதறுகிற சிறு தொகைகளை யாரும் எழுதி வைப்பதில்லை. பையின் அடியில் சிறு கிழிசல் இருந்தால் அரிசி எப்படி ஒவ்வொரு மணியாகச் சிந்துமோ, அப்படியே அவையும் சிந்திப்போகின்றன.

அப்படிச் சிந்திப்போகிற செலவுகளில் ஒன்றைப்பற்றி இந்த மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். கைகழுவும் தொட்டியின் ஓரத்தில், மேலே அழுத்தினால் வெண்மையான நுரையைத் தருகிற ஒரு பாட்டில் இன்று அநேக வீடுகளில் இருக்கிறது. அதைப்பற்றித்தான் எழுதுகிறேன். "இதெல்லாம் எழுதத்தக்க விஷயமா?" என்று சிலர் நினைக்கலாம். எங்கள் வீட்டில் ஒருவருடைய உயிரைக் காக்கும் பொறுப்பும் மாதாந்தரச் செலவும் இந்தச் சிறிய பாட்டிலில் சந்தித்துக்கொண்டன. ஆகையால் இதைச் சிறிய காரியம் என்று என்னால் தள்ளிவிட முடியவில்லை.

வீட்டில் ஐந்து பேர், ஒரே குழாய்

நாங்கள் மும்பையில் ஆன்டாப் ஹில் பகுதியில் ஓர் அறையும் சமையலறையும் கொண்ட வீட்டில் குடியிருக்கிறோம். தண்ணீர் அதிகாலையில் சில மணி நேரம் மட்டுமே வரும். பிடித்து வைத்த டிரம்மிலிருந்து மொண்டுதான் நாள் முழுவதும் புழங்க வேண்டும். நானும் என் கணவரும் இரண்டு பிள்ளைகளுமாக நான்கு பேர். 2020-ஆம் ஆண்டு கொரோனா தொற்று பரவியபோதுதான் நுரைச் சோப்புப் பாட்டில் எங்கள் வீட்டுக்குள் முதன்முதலாக வந்தது. பிள்ளைகள் அதை ஒரு விளையாட்டைப்போல விரும்பினார்கள். கட்டிச் சோப்பைத் தொடச் சோம்பல்பட்ட சின்னவன், நுரைக்காகவே ஓடிப்போய்க் கைகழுவினான்.

சில ஆண்டுகளுக்குப் பின்பு, நாசரேத்துக்கு அருகிலுள்ள கிராமத்திலிருந்து என் அத்தை, அதாவது என் கணவரின் தாயார், புற்றுநோய்ச் சிகிச்சைக்காக எங்களிடம் வந்தார்கள். கீமோதெரபி தொடங்கும் நாளில் மருத்துவமனையில் எங்களை உட்காரவைத்துச் சில ஒழுங்குகளைச் சொன்னார்கள். மருந்து ஏறிய பின்பு இரத்தத்தில் நோயை எதிர்க்கும் வெள்ளையணுக்கள் குறைந்துவிடும்; பெரும்பாலும் ஏழாம் நாளுக்கும் பதினான்காம் நாளுக்கும் இடையில் அவை மிகவும் தாழ்ந்திருக்கும்; அந்நாட்களில் நமக்கு ஒன்றும் செய்யாத கிருமிகூட அவர்களைப் படுக்கையில் தள்ளிவிடும். ஆகவே அவர்களுடைய தட்டையோ, தம்ளரையோ, படுக்கையையோ தொடுகிற எவரும் முதலில் கைகழுவ வேண்டும் என்றார்கள்.

அன்றுமுதல் எங்கள் வீட்டில் கைகழுவுதல் மிகவும் பெருகிற்று. ஐந்து பேர், ஒருவர் நாளொன்றுக்குக் குறைந்தது ஆறுமுறை, ஆக முப்பது முறை. பாட்டில் தீருகிற வேகத்தைக் கண்டு என் கணவர் மௌனமானார். மருந்துச் செலவும் போக்குவரத்துச் செலவும் ஏற்கெனவே நெருக்கிக்கொண்டிருந்த நாட்கள் அவை. ஒரு காரியம் மட்டும் எனக்குத் தெளிவாக இருந்தது. "ஏன் இத்தனை தரம் அழுத்துகிறாய்?" என்று பிள்ளையைக் கடிந்துகொள்ளுகிற வீட்டில், பிள்ளை நாளடைவில் கைகழுவுவதையே விட்டுவிடும். அப்படி ஒரு நாள் எங்கள் வீட்டில் வரக்கூடாது. சோப்பு தாராளமாக இருக்க வேண்டும். செலவோ குறைய வேண்டும். இதற்கு வழி தேடியபோதுதான் அந்தப் பாட்டில் எப்படி வேலைசெய்கிறது என்பதை அறிந்துகொண்டேன்.

நுரை எங்கிருந்து வருகிறது?

நுரை தருகிற பாட்டிலின் உள்ளே இருப்பது தண்ணீர்போல நீர்த்த சோப்புக் கரைசலே. அதிசயம் முழுவதும் பம்பின் தலையில் இருக்கிறது. சாதாரணப் பம்பில் திரவத்தை உறிஞ்சி மேலே தள்ள ஒரே ஒரு சிறு அறை உண்டு. நுரைப் பம்பில் இரண்டு அறைகள் உண்டு. ஒன்று திரவத்தைத் தள்ளும். அதைவிடப் பெரிதான மற்றொன்று காற்றைத் தள்ளும். இரண்டும் கலந்து மிக நுண்ணிய வலை ஒன்றின் வழியாகப் பிதுங்கி வரும்போது மென்மையான நுரையாகிறது. நுரைப் பம்பின் கழுத்து தடித்திருப்பதன் காரணம் இந்தக் காற்றறையே. கடையில் பார்த்தவுடன் அடையாளம் காண இதுவே எளிய வழி.

ஆகவே இரண்டு காரியங்கள் விளங்கும். கெட்டியான கைகழுவும் திரவத்தை அப்படியே நுரைப் பாட்டிலில் ஊற்றினால் அது வலைக்குள் புகாமல் பம்பை இறுகச் செய்யும். சில நாட்களில் பம்பு கெட்டுப்போகும். அதேபோல, நீர்த்த கரைசலைச் சாதாரணப் பம்பில் ஊற்றினால் நுரை வராது, தண்ணீர்தான் பீய்ச்சியடிக்கும். கெட்டித் திரவத்துக்குச் சாதாரணப் பம்பு, நீர்த்த திரவத்துக்கு நுரைப் பம்பு.

பம்பின் மதிப்பு

பம்பின் மதிப்பை விளக்கும் ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் இருந்த மின்னடோங்கா என்னும் சிறிய நிறுவனம் 1980-ஆம் ஆண்டு 'சாஃப்ட்சோப்' என்ற பெயரில் பம்பு வைத்த திரவச் சோப்பை நாடெங்கும் விற்கத் தொடங்கியது. அதன் தலைவர் ராபர்ட் டெய்லர். திரவச் சோப்பு புதிய கண்டுபிடிப்பு அல்ல. பெரிய நிறுவனங்கள் நினைத்தால் மறுமாதமே அதைப் போலச் செய்துவிடலாம். ஆனால் பம்பு செய்துதரும் தொழிற்சாலைகள் மிகச் சிலவே இருந்தன. டெய்லர் அவர்களிடம் ஏறக்குறைய பத்துக் கோடி பம்புகளுக்கு ஒரே மூச்சில் ஆணை கொடுத்துவிட்டார். போட்டியாளர்களிடம் சோப்பு இருந்தது. அதை வெளியே கொண்டுவரப் பம்பு இல்லை. அந்த இடைவெளியில் அவருடைய சரக்கு சந்தையில் வேரூன்றியது. 1987-இல் கோல்கேட்-பாமாலிவ் நிறுவனம் அதை வாங்கிக்கொண்டது.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் பாட்டில் தீர்ந்தவுடன் தூக்கியெறிகிறோமே, அதில் செய்வதற்குக் கடினமானதும் நுட்பமானதும் அந்தப் பம்புதான். அதற்குள் சிறு வில், நுண்வலை, வால்வுகள் எல்லாம் உண்டு. பலவகைப் பொருட்கள் கலந்திருப்பதால் மறுசுழற்சிக்கும் அது எளிதில் உதவாது. நன்றாய் வேலைசெய்யும் ஒரு கருவியைப் பத்து நாளுக்கு ஒருமுறை குப்பையில் போட்டுவிட்டு, அதற்குரிய பணத்தை மறுபடியும் கடையில் கொடுத்துவருகிறோம். இது நல்ல உக்கிராணத்துவம் ஆகாது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

எங்கள் நோட்டுப்புத்தகக் கணக்கு

எங்கள் தெருக்கடையில் நான் கொடுத்த விலையைக்கொண்டு போட்ட கணக்கு இது. உங்கள் ஊரில் விலை ஏறக்குறைய இருக்கலாம். ஆனால் கணக்கின் போக்கு மாறாது.

நுரைப் பம்பை ஒருமுறை முழுவதும் அழுத்தினால் ஏறக்குறைய 0.8 மில்லிலிட்டர் திரவம் வெளிவரும். நாளொன்றுக்கு முப்பது முறை என்றால் 24 மில்லிலிட்டர். 250 மில்லிலிட்டர் பாட்டில் பத்து நாட்களில் தீர்ந்துவிடும். மாதத்துக்கு மூன்று பாட்டில்கள். ஒரு பாட்டில் 90 ரூபாய் என்றால் மாதம் 270 ரூபாய்.

இப்பொழுது வீட்டில் கலக்கும் முறையைப் பாருங்கள். ஒரு பங்கு கைகழுவும் திரவத்துக்கு நான்கு பங்கு தண்ணீர். மாதம் முழுவதற்கும் தேவைப்படும் 720 மில்லிலிட்டர் கலவையில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 144 மில்லிலிட்டர் மட்டுமே கடைச் சரக்கு. சிந்துவதையும் சேர்த்து 150 என்று வைத்துக்கொள்வோம். 750 மில்லிலிட்டர் ரீஃபில் பாக்கெட்டை 100 ரூபாய்க்கு வாங்கினேன். அது ஐந்து மாதங்களுக்கு வரும். மாதத்துக்கு 20 ரூபாய். மீதம் 250 ரூபாய். ஆண்டுக்கு 3,000 ரூபாய்.

அதே பாக்கெட்டைத் தண்ணீர் கலக்காமல் சாதாரணப் பம்பில் ஊற்றினால் இந்த லாபம் கிடைக்காது. அந்தப் பம்பு ஒரு அழுத்துக்கு ஏறக்குறைய 2 மில்லிலிட்டர் வெளியே தள்ளும். மாதத்துக்கு 1,800 மில்லிலிட்டர். செலவு 240 ரூபாய். ஆகவே மிச்சம் வருவது பாக்கெட் வாங்குவதால் அல்ல, நுரைப் பம்பைப் பாதுகாத்து மறுபடியும் பயன்படுத்துவதால்தான் என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். கட்டிச் சோப்பு இன்றும் சிக்கனமானதே. 2025 செப்டம்பர் 22 முதல் கட்டிச் சோப்பின் மீதான ஜி.எஸ்.டி. வரியும் 18 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்திருக்கிறது. தண்ணீர் வடியும் சோப்புப் பெட்டியில் வைத்துப் பயன்படுத்தும் வீட்டார் நுரைப் பாட்டிலைத் தேடிப்போக வேண்டியதில்லை. சிறு பிள்ளைகளும், விரல்களில் வலுக்குறைந்த முதியவர்களும் இருக்கிற வீடுகளுக்கே நுரை அதிகமாய் உதவுகிறது.

கலக்கும் முறை

1. பழைய பாட்டிலில் மீந்திருப்பதைக் கொட்டிவிட்டு, வெந்நீரால் பாட்டிலை இரண்டு மூன்று முறை அலசுங்கள். பம்பை ஒரு கிண்ணம் வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்துப் பத்துமுறை அழுத்தினால் உள்ளே தங்கியிருக்கும் பழைய சோப்பு வெளியேறும். இரண்டையும் கவிழ்த்து வைத்து நன்றாக உலரவிடுங்கள். இரண்டு பாட்டில்கள் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால், ஒன்று உலரும்வரை மற்றது உதவும்.

2. கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரையே எடுத்துக்கொள்ளுங்கள். டிரம்மில் தேங்கிய தண்ணீர் வேண்டாம். 250 மில்லிலிட்டர் பாட்டிலுக்கு 160 மில்லிலிட்டர் தண்ணீர் போதும்.

3. முதலில் தண்ணீரை ஊற்றி, அதன் பின்பு 40 மில்லிலிட்டர் கைகழுவும் திரவத்தை ஊற்றுங்கள். மாற்றிச் செய்தால் பாட்டில் நிறைய நுரை பொங்கி அளவு தெரியாமல் போகும். அளப்பதற்கு இருமல் மருந்தோடு வரும் அளவுமூடியை நன்றாகக் கழுவிப் பயன்படுத்தலாம்.

4. பாட்டிலை விளிம்புவரை நிரப்பாதீர்கள். பம்பு உள்ளே இறங்குவதற்கு இடம் வேண்டும். இல்லாவிட்டால் கலவை வழிந்துபோகும்.

5. மூடியபின் குலுக்காமல், மெதுவாக நான்கைந்து முறை சாய்த்துச் சாய்த்துக் கலந்துவிடுங்கள். முதல் சில அழுத்துகளில் வெறும் காற்று வரலாம். பின்பு நுரை வரும். நுரை தண்ணீராக இருந்தால் இன்னும் ஒரு தேக்கரண்டி சோப்பு. பம்பு இறுக்கமாக இருந்தால் சிறிது தண்ணீர்.

6. ஒரு துண்டு பிளாஸ்திரியில் கலந்த தேதியை எழுதிப் பாட்டிலில் ஒட்டுங்கள். இது ஏன் என்பதைக் கீழே சொல்லுகிறேன்.

அத்தையின் கேள்வியும் செவிலியரின் பதிலும்

முதன்முறையாக நான் கலப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த அத்தை, "ஏம்மா, பாலில் தண்ணீர் ஊற்றி விற்றவனை ஊரே ஏசும். நீ சோப்பில் தண்ணீர் ஊற்றுகிறாயே?" என்றார்கள். "அத்தை, கடையில் வாங்கும் நுரைப் பாட்டிலிலும் பெரும்பகுதி தண்ணீர்தான். அந்தத் தண்ணீரை நாம் சோப்பு விலைக்கு வாங்குகிறோம். இது நம் வீட்டுத் தண்ணீர், அவ்வளவுதான்" என்றேன். சிரித்துவிட்டார்கள்.

ஆனால் அவர்களுடைய கேள்விக்குள் மற்றொரு கேள்வி மறைந்திருந்தது. தண்ணீர் கலந்த சோப்பு, வெள்ளையணுக்கள் குறைந்திருக்கும் ஒருவருக்குப் பாதுகாப்பானதா? அடுத்த முறை மருத்துவமனைக்குப் போனபோது, அன்பாய்ப் பேசும் ஒரு மலையாளச் செவிலியரிடம் இதைக் கேட்டேன். அவர் சொன்ன பதில் என்னை நிதானிக்க வைத்தது.

"சோப்பு இருக்கிற இடத்தில் கிருமி இருக்காது என்று நினைக்க வேண்டாம் அக்கா. திரவச் சோப்பு கெடாமல் இருக்க அதில் பாதுகாப்புப் பொருள் சேர்த்திருப்பார்கள். நீங்கள் ஐந்து மடங்காக நீர்த்தால் அதுவும் ஐந்தில் ஒரு பங்காகிவிடும். மிச்சத்தின் மேல் புதியதை ஊற்றிக்கொண்டே போனால் அடியில் இருக்கும் கிருமி போகவே போகாது. வீட்டில் மற்றவர்களுக்குச் சுத்தமாகக் கலந்து சீக்கிரம் தீர்த்துவிடுங்கள். அம்மாவுக்கும், அம்மாவைத் தொடுகிறவர்களுக்கும், சிகிச்சை முடியும்வரை கலப்படமில்லாத புதுச் சோப்பு இருக்கட்டும்."

இது வெறும் அச்சம் அல்ல. உலக சுகாதார நிறுவனம் 2009-ஆம் ஆண்டு மருத்துவமனைகளுக்காக வெளியிட்ட கைச்சுத்த வழிகாட்டுதல்களிலேயே, பாதி தீர்ந்த சோப்புப் பாட்டிலின் மேல் சோப்பை ஊற்றக்கூடாது என்று சொல்லப்பட்டிருக்கிறது. 2011-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஒரு தொடக்கப் பள்ளியில் திறந்து நிரப்பும் சோப்புப் பெட்டிகளில் கிருமிகள் பெருகியிருந்ததும், அதைக்கொண்டு கழுவிய பிள்ளைகளின் கைகளில் கழுவுவதற்கு முன்பைவிடக் கழுவிய பின்பு சிலவகைக் கிருமிகள் அதிகமாயிருந்ததும் தெரியவந்தது. பாட்டில்களைக் கழுவி உலர்த்தாமல் மேன்மேலும் ஊற்றி வருவதே ஆபத்து. சூடோமோனாஸ் போன்ற கிருமிகள் ஈரத்தில் வாழப் பழகியவை. தேங்கிய சோப்புத் தண்ணீரும் அவற்றுக்குக் குடியிருப்பாகிவிடும்.

ஆகவே எங்கள் வீட்டில் இரண்டு ஒழுங்குகள் உண்டாயின. வெளிக்குழாயின் அருகே வீட்டில் கலந்த நுரைப் பாட்டில். வெளியிலிருந்து வருகிறவர்களும், விளையாடிவிட்டு வரும் பிள்ளைகளும், சாப்பிட்டு எழுகிறவர்களும் அதில் கழுவுவார்கள். சமையலறைக் குழாயின் அருகே, வடிதட்டில் வைத்த புதிய கட்டிச் சோப்பு. சமைப்பதற்கு முன்பும், அத்தையின் பொருட்களைத் தொடுவதற்கு முன்பும் அதில் கழுவ வேண்டும். அத்தையும் அதையே பயன்படுத்துவார்கள். நுரைப் பாட்டிலில் மிச்சமான பணத்திலிருந்துதான் அந்தச் சோப்பு வாங்கினோம்.

இரண்டு நாட்கள் கழித்து அத்தை மெல்லிய குரலில், "எனக்கென்று தனிச் சோப்பு வைத்துவிட்டீர்களே, நான் ஒட்டுவாரொட்டி நோய்க்காரியா?" என்று கேட்டார்கள். என் கணவர் பதில் சொல்ல முடியாமல் எழுந்துபோய்விட்டார். நான் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, "உங்களிடமிருந்து எங்களுக்கு ஒன்றும் வராது அத்தை. எங்கள் கையிலிருந்து உங்களுக்கு ஒன்றும் வந்துவிடக்கூடாது. அதற்காகத்தான்" என்றேன். வியாதிப்பட்டவர்களுக்கு மருந்தைவிடக் கசப்பானது தாங்கள் ஒதுக்கப்பட்டோம் என்ற எண்ணமே என்பதை அன்று உணர்ந்தேன். அதன்பின்பு பிளாஸ்திரியில் தேதி எழுதும் வேலையை அவர்களிடமே ஒப்புவித்தேன். மருந்தின் சோர்வில் பேசக்கூட விரும்பாத நாட்களிலும், பேனாவை வாங்கித் தேதியை எழுதித் தருவார்கள். பத்து நாட்கள் தாண்டினால், "ஏய், பாட்டிலுக்கு நாள் ஆயிற்று" என்று பேரப்பிள்ளைகளை அதட்டும் அதிகாரமும் அவர்களுக்கே இருந்தது.

ஒரு கலவையைப் பத்து நாட்களில், மிஞ்சினால் இரண்டு வாரங்களில் தீர்த்துவிட வேண்டும் என்பதே நாங்கள் வைத்துக்கொண்ட எல்லை. வாசனை மாறினாலோ, கலங்கினாலோ, நூல்நூலாகத் திரிந்தாலோ தயங்காமல் கொட்டிவிடுங்கள். ஐந்து ரூபாய்ச் சோப்புக்காக ஐந்நூறு ரூபாய் மருந்து வாங்குவது சிக்கனம் அல்ல.

உங்கள் ஊர்த் தண்ணீர் எப்படி?

மும்பைக்குத் தண்ணீர் தான்சா, வைதர்ணா, பாட்சா முதலிய ஏரிகளிலிருந்து வருகிறது. மழைநீர் தேங்கிய ஏரிகளாதலால் உப்புத்தன்மை குறைவு. சோப்பு எளிதில் நுரைக்கும். ஆனால் பெங்களூரில் ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரை நம்பியிருக்கும் என் தங்கை வீட்டில் நிலைமை வேறு. அங்கே குழாய் வாயில் வெள்ளைப் படிவு கட்டிக்கொள்ளும். அந்தத் தண்ணீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் கொழுப்பிலிருந்து செய்த மெய்யான சோப்போடு சேர்ந்து கரையாத கசடாகிவிடும். அந்தக் கசடு பம்பின் நுண்வலையை அடைத்துக்கொள்ளும்.

கடினநீர் வரும் வீடுகளில் ஆர்.ஓ. இயந்திரத் தண்ணீரையோ, வாங்கும் குடிநீரையோ கலவைக்குப் பயன்படுத்துங்கள். ஒருமுறைக்கு ஒரு தம்ளர்தானே வேண்டும்? பம்பு அடைத்துக்கொண்டால், வெதுவெதுப்பான தண்ணீரில் சிறிது வினிகர் கலந்து பம்பை அரைமணி நேரம் ஊறவைத்து, பின்பு நல்ல தண்ணீரில் பலமுறை அழுத்திக் கழுவினால் பெரும்பாலும் திறந்துகொள்ளும்.

கவனிக்க வேண்டிய சில காரியங்கள்

* மிஞ்சிய சோப்புத் துண்டுகளைத் துருவிக் கரைத்து நுரைப் பாட்டிலில் ஊற்றலாமா என்று சிலர் கேட்பதுண்டு. கூடாது. ஆறியவுடன் அது கூழாக உறைந்து வலையை அடைக்கும். துண்டுகளைப் புதிய சோப்போடு ஒட்டிப் பயன்படுத்துவதே நல்லது.

* கடையில் 'நுரைக்கான ரீஃபில்' என்று விற்பது ஏற்கெனவே நீர்த்தது. அதில் மறுபடியும் தண்ணீர் கலக்க வேண்டாம். வாங்கும்போது பாக்கெட்டின் எழுத்தை வாசித்துப் பாருங்கள்.

* தூளாக வாங்கித் தண்ணீரில் கரைத்துக்கொள்ளும் கைகழுவும் சோப்பும் நம் நாட்டில் உண்டு. கோத்ரெஜ் நிறுவனம் 2018-இல் அத்தகைய உறைகளைக் கொண்டுவந்தது. கலக்கும் சிரமம் வேண்டாம் என்பவர்கள் அதையும் எண்ணிப்பார்க்கலாம். உறையில் சொன்ன அளவுத் தண்ணீரையே சேருங்கள்.

* கைக்கிருமிநாசினியான சானிடைசரை ஒருபோதும் தண்ணீரில் நீர்த்தாதீர்கள். அதில் குறைந்தது 60 விழுக்காடு ஆல்கஹால் இருந்தால்தான் பலன். நீர்த்துவிட்டால் மணம் இருக்கும், பலன் இராது.

* 'கிருமிகளைக் கொல்லும்' என்ற வார்த்தைக்காக அதிக விலை கொடுக்க வேண்டாம். டிரைக்ளோசான் உட்பட 19 பொருட்கள் சாதாரணச் சோப்பைவிட மேலானவை என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று சொல்லி, அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2016 செப்டம்பரில் அவற்றை வீட்டுச் சோப்புகளிலிருந்து விலக்கியது.

* பெயரும் தேதியும் இல்லாமல் கேனில் விற்கும் மலிவுத் திரவத்தைக் கைக்கு வாங்க வேண்டாம். பாத்திரம் துலக்கும் திரவமும் வேண்டாம். அது தோலை உலரச் செய்யும்.

* சோப்பையோ பினாயிலையோ குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். தாகத்தோடு ஓடிவரும் பிள்ளைக்கு உள்ளே இருப்பது என்னவென்று தெரியாது.

* நுரை ஏற்கெனவே நுரைத்திருப்பதால், தேய்க்காமலே தண்ணீரில் காட்டிவிட்டுப் போகும் பழக்கம் எளிதில் வந்துவிடும். அழுக்கை நீக்குவது தேய்ப்புதான். விரலிடுக்கு, நகக்கண், கட்டைவிரல், புறங்கை எல்லாம் படும்படி குறைந்தது இருபது விநாடிகள் தேய்க்கப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுங்கள். மண்ணில் விளையாடிய கைக்கு இரண்டு அழுத்து வேண்டுமானால் இருக்கட்டும். கணக்கில் அதற்கு இடம் இருக்கிறது.

மிச்சம் எங்கே போக வேண்டும்?

பிரியமானவர்களே, சேமிப்பைப்பற்றி எழுதுகிற அநேகர் மிச்சம்பிடிப்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். மிச்சம்பிடித்த பணத்துக்கு அன்றைக்கே ஒரு பெயர் சூட்டாவிட்டால் அது வேறொரு வழியாய்ப் போய்விடும் என்பது என் அனுபவம். பாக்கெட் வாங்கிய முதல் மாதமே 250 ரூபாயை எடுத்து ஒரு உறையில் போட்டு, அதன்மேல் 'அத்தையின் போக்குவரத்து' என்று எழினேன். அதிலிருந்து முதலில் கட்டிச் சோப்பு. மீதி அவர்களை மருத்துவமனைக்கு அழைத்துப்போகும் செலவுக்கு. நெரிசலான நேரத்தில் ரயிலில் நின்றுகொண்டு திரும்ப இயலாத நாட்களில் டாக்ஸி பிடிக்க அந்த உறை கைகொடுத்தது. பெரிய செல்வம் அல்ல. ஆனால் மருந்து ஏறிய மாலையில், களைத்துப்போன ஒரு தாய் சாய்ந்து உட்கார்ந்து வீடு வந்து சேருவதற்கு அது போதுமானதாக இருந்தது.

உங்கள் வீட்டில் அந்த உறையின் மேல் வேறொரு பெயர் இருக்கலாம். மகளின் தேர்வுக் கட்டணமாக இருக்கலாம். ஊருக்குப் போகும் ரயில் சீட்டாக இருக்கலாம். ஊரில் தனித்திருக்கும் தகப்பனாரின் கண்ணாடியாக இருக்கலாம். எதுவானாலும் அதை எழுதி வையுங்கள்.

சிகிச்சை முடிந்து, இரத்த எண்ணிக்கை சீரடைந்த பின்பு அத்தை ஊருக்குத் திரும்பினார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்கு வருகிறார்கள். எங்கள் வீட்டில் இரண்டு பழைய நுரைப் பாட்டில்களும் இன்னும் வேலைசெய்கின்றன. வில் தளர்ந்துபோகும்வரை அவற்றை மாற்றும் எண்ணம் இல்லை. நீங்களும் இந்த முறை பாட்டில் தீரும்போது அதைக் குப்பைக்கூடையில் போடாமல், கழுவிக் கவிழ்த்து வையுங்கள். மறுநாள் காலையில் உலர்ந்தபின் ஒரு பங்கு சோப்பு, நான்கு பங்கு ஆறிய தண்ணீர். தேதி எழுத மறவாதீர்கள்.